புகை எழுந்த காலை

விமானச் சத்தம் காதில் ஏறுவதற்குள் முதல் குண்டு விழுந்துவிட்டது. இரண்டாவது, நேராகச் சமையல் கொட்டகையின் மீது. மண் அடங்கியபோது, பானைக்குப் பக்கத்தில் யாருடையதோ கால் ஒன்று செருப்போடு கிடந்தது. ஆறு பேர் செத்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டேன். முகாமின் மருத்துவத் தோழர் நான்தான்.

எங்கள் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. மலாயாவில் சிக்கினால் தூக்கு. எல்லை தாண்டி சயாம் காட்டுக்கு வந்து பதினொரு வருடமாகிறது. இந்தக் காட்டில் புகை மட்டும் மேலே போகக்கூடாது. அடுப்பிலிருந்து நீளமாகப் பள்ளம் வெட்டி, மூங்கில் பரப்பி, மண் போட்டு மூடியிருப்போம். புகை அதற்குள்ளேயே ஊர்ந்து, ஆறி, சருகுகளுக்கிடையே கரைந்துவிடும். அன்று காலை அது மரங்களுக்கு மேலே நிமிர்ந்து நின்றது.

சமையல்காரன் குவாய் ஃபாட்தான் புகை விட்டு அடையாளம் காட்டினான் என்றது கமிட்டி. குவாய் ஃபாட் என் புருஷன். அந்த மாதம் முழுக்க ஒற்றர் வேட்டை. முந்தின நாள்தான் இரண்டு பேரைத் தீர்த்திருந்தார்கள். துப்பாக்கி என்றால் வெளியே கேட்கும், அதனால் மண்வெட்டி. சாகுமுன் அந்த இருவரும் அடி தாங்காமல் குவாய் ஃபாட்டின் பெயரைச் சொல்லியிருந்தார்கள்.

பேசி முடிக்கும்வரை அவன் உயிரோடு இருக்கவேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். மரத்தோடு கட்டியிருந்தார்கள். வலது கையில் மூன்று நகங்கள் இல்லை. உதடு பிளந்து பல் தெரிந்தது. இருட்டுவதற்குள் கூட்டாளி யாரென்று சொல்லட்டும், எப்படியும் குழி தயார் என்றான் காவல்காரன். குவாய் ஃபாட் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

"கருவாட்டுல உப்பு ஏறிப்போன அன்னிக்குக்கூட இவ்வளவு அடிக்கல, யோக் சிம்."

அப்புறம் குரலைத் தணித்தான். "நீ வாயைத் திறக்காத."

அவனுக்குத் தெரிந்திருந்தது. பத்து நாள் அடைமழை. கட்டுத்துணி ஒன்றுகூடக் காயவில்லை, ஈரத்தில் புண்கள் அழுகிக்கொண்டிருந்தன. விடிகாலையில் நான்தான் பள்ளத்தின் மேலிருந்து நாலு மூங்கிலை நகர்த்தி, அந்தச் சூட்டில் துணிகளைக் காயவைத்தேன். யாரோ வலியில் கத்தினார்கள். துணிகளை அள்ளிக்கொண்டு ஓடினேன். மூங்கிலைத் திரும்ப மூடவில்லை.

வாயைத் திறந்தேன். அரசியல் பொறுப்பாளர் லூங் பான் தன் குடிசையில் அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். ஆறு பேர் சாவுக்கும் நான்தான் பொறுப்பு, குழியில் என்னைப் போடுங்கள், அவனை அவிழ்த்துவிடுங்கள் என்றேன். குண்டுச் சிதறல் கிழித்த அவர் தொடையிலும் அந்தத் துணிகளில் ஒன்றைத்தான் சுற்றியிருந்தேன். முகர்ந்து பாருங்கள், புகை வாடை அடிக்கும் என்றேன்.

அவர் முகரவில்லை. வெளியே போய், காவல்காரனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். இரண்டு கைகளையும் விரித்து, கொப்புளம் உடைந்திருந்த உள்ளங்கைகளை வெகுநேரம் பார்த்தார்.

"நீ கட்டும்போதே வாடை வந்துச்சு, தோழர். ஆனா அவன் ஒற்றன் இல்லன்னா, நேத்து நான் அடிச்சுக் கொன்ன ரெண்டு பேரும் ஒற்றனுங்க இல்லன்னு ஆயிடுமே."