மாத்தாள் கணக்கு

கேம்புக்குப் போகிறேன் என்று சென்னிமலை சொன்னபோது அவன் அப்பா காளிச்சாமி எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூணாறு மலைக்குப் போயி என்ன பண்ணுவீங்க?"

"தடம் போடறதுங்கப்பா. தேயிலைத் தோட்டத்து ஆளுங்க நடக்கறதுக்கு. காலேசுல இருந்து கூட்டிட்டுப் போறாங்க."

"கூலி எவ்வளவு?"

"கூலி இல்லீங்க. சேவை."

காளிச்சாமி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "நம்மூட்டு வரப்புக்கு ரெண்டு கூடை மண்ணு போடுறான்னா இடுப்பு வலிக்குதும்பே. ஊரான் தடத்துக்கு மண்ணு சொமக்க மலையேறிப் போறயா?"

நியாயமான கேள்விதான். நாட்டு நலப்பணித் திட்டத்தின் கையேட்டில் எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது, இதற்கு மட்டும் இல்லை. சென்னிமலை தலையைச் சொறிந்தான். அம்மா மயிலாத்தாள் உள்ளேயிருந்து, "போயிட்டு வரட்டுமுங்க, சின்னப் பையன்" என்று ஒரு வார்த்தை போட்டாள். அதற்காகத்தான் காளிச்சாமி சம்மதித்தார். ஆனால் நிபந்தனையோடு சம்மதித்தார்.

"கடலைக்காய் புடுங்கறதுக்குள்ள வந்து சேரோணும். கடலை மண்ணுக்குள்ளயே மொளச்சுதுன்னு வெச்சுக்க, காலேசுக்கு ஒரு கும்பிடு போட்டுப்போட்டு ஊட்டோட இருந்துக்கோணும். இப்பவே சொல்லிப்போட்டேன்."

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருந்த அவர்கள் ஊரில் மழை சொன்னபடி கேட்காது. விளைந்த கடலையின்மேல் மழை பிடித்துக்கொண்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிடும், வருஷத்துப் பாடு அதோடு போச்சு. எல்லார் காட்டிலும் ஒரே சமயத்தில் பறிப்பதால் ஆளும் கிடைக்காது. காளிச்சாமி சொன்ன சொல்லை மறக்கிற ஆளும் இல்லை. கிணற்றுக்கு மோட்டார் வைக்காமல் டீக்கடை வாசலை மிதிக்க மாட்டேன் என்று ஒருமுறை வாய்விட்டுவிட்டு, மோட்டார் ஓடித் தண்ணீர் பாய்ந்த பிறகுதான் டீ குடித்தார். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் சென்னிமலை. பி.எஸ்ஸி. முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அதை ஒரு கடலைக்காட்டின்மேல் பந்தயம் வைத்துவிட்டுத்தான் அவன் பஸ் ஏறினான்.

சித்திரபுரத்தைத் தாண்டி, தேயிலைக்கு நடுவே, ஒரு பள்ளத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லய வீடுகள் வரிசையாக இருந்தன. அங்கிருந்து பஸ் ரோட்டுக்கு ஏற ஒரே ஒரு சரிவுதான் வழி. மழைக்காலத்தில் அதில் ஆடுகூட யோசித்துத்தான் கால் வைக்கும். உடம்புக்கு முடியாதவர்களைக் கம்பளியில் கிடத்தி, மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு போவார்கள். தூக்குகிறவர்கள் வழுக்கி விழுந்தால் நோயாளிகளின் எண்ணிக்கை கூடிவிடும். அந்தச் சரிவை வெட்டிக் கல் பாவிப் படி வைப்பதுதான் கேம்பின் வேலை. பொறுப்பாசிரியர் குருசாமி சார் முதல் நாள் காலையில் சேவையின் பெருமையைப் பற்றி நீளமாகப் பேசி முடித்தார். சென்னிமலை கடப்பாரையைத் தூக்கினான்.

தூக்கிய கடப்பாரை கீழே இறங்கவில்லை. யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"விருந்துக்கு வந்த பிள்ளைக கையில கடப்பாரையா? நல்லாருக்கே கதை. வாங்க தம்பி, முதல்ல சாப்பிடுங்க." கொழுந்தெடுக்கும் பெண்களுக்கெல்லாம் முன்நின்று பேசுகிற சுருளியம்மாள் அது. பிடித்தால் விடுகிற கை இல்லை.

சாப்பாடு என்றால் சும்மா சாப்பாடா? இட்லி, வடை, கோழிக் குழம்பு, நடுவில் பாலில்லாத கட்டஞ்சாயா, மத்தியானம் மறுபடியும் கறி. லயத்துக்கு லயம் முறை வைத்து ஆக்கிப் போட்டார்கள். தின்ற மாணவர்களுக்குக் கண்ணைச் சொருகியது. சாயங்காலம் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த பெண்கள், பிள்ளைகள் கஷ்டப்படக் கூடாது என்று தாங்களே நாலு கல்லைச் சுமந்து வைத்துவிட்டுப் போனார்கள். இப்படியே போனதில் மாணவர்கள் ஒரு சுற்றுப் பெருத்தார்கள். பாதைதான் வளரவில்லை.

ஒருநாள் தண்ணீர் கேட்டு அழகுத்தாய் என்ற பெண்ணின் வீட்டு வாசலில் சென்னிமலை நின்றான். உள்ளே அவள் பிள்ளைகள் உப்புப் போட்ட கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தன. அடுப்பில் முட்டைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பெரிய பையன் குழம்பைப் பார்க்க, "அது கேம்புக்கு" என்று அவள் அவன் தலையைத் திருப்பிவிட்டாள். சென்னிமலைக்கு முந்தின நாள் தின்ற கோழியெல்லாம் தொண்டையில் வந்து நின்றது. தண்ணீரைக்கூடக் குடிக்காமல் நேராகச் சுருளியம்மாளிடம் போனான்.

"ஏனுங்க்கா, இனிமேல் எங்களுக்கு ஆக்கிப் போடாதீங்க. எங்கள வேலை செய்ய உடுங்க."

"விருந்தாளிய வேலை வாங்குனா நாளைக்கு எங்க மூஞ்சியில முழிப்பாகளா நாலு பேரு?"

"நாங்க விருந்தாளி இல்லீங்க. சேவைக்கு வந்தவங்க."

சுருளியம்மாளின் முகம் கொஞ்சம் மாறியது. "அதாவது சும்மா செஞ்சு குடுக்க வந்திருக்கீக. தம்பி, தப்பா நினைக்காதீக. சும்மா வாங்கி எங்களுக்குப் பழக்கமில்ல. மலைக்கு வந்த நாள்ல இருந்து இடுப்பொடிய வேலை செஞ்சுதான் வாங்குறோம். நீங்க சும்மா செய்வீக, நாங்க சும்மா பாத்துக்கிட்டு நிக்கணுமாக்கும். அதுக்குத்தான் சோறு போட்டு ஈடு கட்டுறோம்."

அவள் சொன்னது அவனுக்கு நன்றாகப் புரிந்தது. அவன் அப்பாவாக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். அப்பா ஞாபகம் வந்ததும் வாயில் வந்ததைச் சொன்னான்.

"சும்மா இல்லீங்க்கா. இது மாத்தாளுங்க."

"அது என்னது?"

"எங்கூர்ல காட்டு வேலைக்கு ஆள் கெடைக்காதுங்க. அதனால நான் இன்னிக்கு உங்க காட்டுக்கு வந்து வேலை செய்வேன், நீங்க ஒரு நாளைக்கு எங்க காட்டுக்கு வந்து செய்வீங்க. கூலியும் கெடையாது, தருமமும் கெடையாது. ஆளுக்கு ஆள் மாத்து."

"அப்ப நாங்க உங்க காட்டுக்கு வரணும்."

"ஆமாங்க."

"என்ன வேலை?"

"கடலைக்காய் புடுங்கறதுங்க. ஆயுத பூசை சமயத்துல."

சுருளியம்மாள் விரலை மடக்கி நாள் எண்ணினாள். "எங்களுக்கும் அன்னைக்கு லீவுதான். சரி, ஊர் பேரையும் அப்பா பேரையும் சொல்லிட்டுப் பிடிங்க கடப்பாரைய."

சென்னிமலை அதைச் சமாளிப்புக்காகத்தான் சொன்னான். மத்தியானத்துக்குள் மறந்தும் போனான்.

மறுநாளிலிருந்து இட்லி போச்சு, வடை போச்சு, கோழி உயிர் பிழைத்தது. லயத்துக்காரர்கள் குடித்த அதே கஞ்சி, அதே துவையல். மரியாதையும் கூடவே போய்விட்டது. "ஏ தம்பி, கல்லை வச்சா ஆடக் கூடாது. எடு, திரும்ப வை" என்று சுருளியம்மாள் கங்காணி மாதிரி மேட்டில் நின்று விரட்டினாள். கூட வந்த மாணவர்கள், "மாத்தாளாம் மாத்தாளு, கோழிக் கொழம்பக் கெடுத்த பாவி" என்று சென்னிமலையைத் திட்டிக்கொண்டே கல் சுமந்தார்கள். ஆனால் அன்றுதான் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். பாதையும் மளமளவென்று மேலே ஏறியது.

கேம்ப் முடிய ஒரு நாள் இருக்கும்போது பெய்த மழை, கீழ்ச் சரிவில் வைத்த படிகளை அப்படியே வாரிக்கொண்டு போய்விட்டது. அந்த இடத்தில்தான் கம்பளி தூக்குகிறவர்கள் வழக்கமாக விழுவார்கள். குருசாமி சார் இடிந்துபோய், "பரவாயில்லை, ஏறக்குறைய முடிந்தது என்று ரிப்போர்ட் எழுதிக்கொள்ளலாம்" என்றார். சுருளியம்மாளும், "போயிட்டு வாங்க தம்பி, மிச்சத்த நாங்க பாத்துக்கிடுவோம்" என்றாள். சென்னிமலைக்கு அப்பாவின் நிபந்தனை கண்முன்னே நின்றது. கடலை இந்நேரம் விளைந்திருக்கும். இருந்தாலும் பாதி வேலையில் எழுந்துபோன மாத்தாளை அவன் ஊரில் யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். இரண்டு நண்பர்களோடு அவன் தங்கிவிட்டான்.

தண்ணீர் போகப் பக்கவாட்டில் வாய்க்கால் வெட்டி, படியைத் திரும்ப வைத்து முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. முடிந்த அன்று ஒரு நிறைமாதக்காரி படிப்படியாகத் தன் காலாலேயே ஏறிப் போய் பஸ்ஸில் உட்கார்ந்தாள். கம்பளியும் இல்லை, மூங்கிலும் இல்லை. லயமே நின்று அதை வேடிக்கை பார்த்தது. சென்னிமலைக்கு அந்தச் சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்தச் சந்தோஷம் ஊர் எல்லை வரைக்கும்தான் வந்தது. வழியெல்லாம் மற்றவர்கள் காடுகளில் பறிப்பு பாதி முடிந்திருந்தது. இருந்த ஆட்களைப் பெரிய பண்ணையக்காரர்கள் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவன் காட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும் குனிந்திருந்தார்கள். காளிச்சாமி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். சென்னிமலையும் சட்டையைக் கழற்றி வரப்பில் போட்டுவிட்டுக் குனிந்தான்.

மூன்று பேர் பிடுங்கித் தீருகிற காடா அது? மழை வேறு பிடித்துக்கொண்டது. சரசுவதி பூசைக்கு முந்தின நாள் பிடுங்கிய ஒரு கொடியைக் காளிச்சாமி மகன் முன்னால் நீட்டினார். ஒரு காயில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

"நாளைக்குச் சாமிகிட்ட புஸ்தகத்த வெப்பயல்ல? வெச்சுப்போடு. திரும்ப எடுக்க வேண்டாம்."

மயிலாத்தாள் அந்தக் கொடியை வாங்கி, முளைத்த காயைக் கிள்ளி எறிந்தாள்.

மறுநாள் காலையில் சென்னிமலை புத்தகங்களைத் துடைத்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினான். கெமிஸ்ட்ரி புத்தகத்தை மட்டும் இரண்டு தடவை துடைத்தான். பக்கத்தில் காளிச்சாமி மண்வெட்டிக்கும் கொத்துக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். அப்போது வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. மூணாற்றுக்குக் காய்கறி ஏற்றிப் போய்விட்டு வெறுமனே திரும்பும் பொள்ளாச்சி லாரி. அதன் பின்கதவைத் திறந்துகொண்டு பெண்களும் ஆண்களுமாகக் குதித்தார்கள். தலையில் துணிக்கட்டு, இடுப்பில் சுற்றிய சாக்கு, முதுகில் கொழுந்துக் கூடை. முன்னால் சுருளியம்மாள்.

"மாத்தாள் வந்திருக்கோம். கடலை எங்க இருக்கு?"

சென்னிமலைக்குக் கண் நிறைந்துவிட்டது. திக்கித் திணறி அவன் அப்பாவிடம் விவரம் சொன்னான். அவர் கேட்டார், கேட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "மயிலா, கோழி ரெண்டப் புடி. பாய எடுத்துப் போடு. மலையில இருந்து வந்திருக்கறாங்க பாரு."

சென்னிமலை தலையில் கை வைத்துக்கொண்டான். "அப்பா, அவங்க வேலைக்கு வந்திருக்கறாங்கப்பா."

"போடா. ராவெல்லாம் லாரியில வந்தவங்களக் காட்டுல எறக்குனா ஊரு சிரிக்காதா? அதுமில்லாம இன்னிக்கு ஆயுத பூசை. மம்மட்டி, கொத்து எதையும் தொடக் கூடாது."

சுருளியம்மாள் பூசையில் இருந்த சாமான்களை எட்டிப் பார்த்தாள். ஈர மண்ணையும் ஒரு மிதி மிதித்துப் பார்த்தாள். "அண்ணாச்சி, மண்ணு பஞ்சு கணக்கா இருக்கு. கையால இழுத்தா வந்திரும். கைய யாரும் பூசைக்கு வைக்கலையே."

காளிச்சாமி தன் இரண்டு கையையும் புரட்டிப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காட்டுக்கு முன்னே நடந்தார்.

முதலில் எல்லாம் கோணலாகத்தான் போயிற்று. அழகுத்தாய் பழக்க தோஷத்தில் கடலைக்கொடியின் நுனிக் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குமேல் கூடையில் போட்டாள். மயிலாத்தாள் பார்த்து விழுந்து விழுந்து சிரித்து, "அம்மிணி, எலைய வெச்சு என்ன பண்றது? காய் அடியில இருக்குது" என்று கொடியைப் பிடுங்கிக் காட்டினாள். காயைக் கண்டபிறகு அந்தக் கைகள் நிற்கவில்லை. ஆண்கள் பிடுங்கிப் போடப் போட, பெண்கள் இரண்டு கையாலும் காய் ஆய்ந்து தள்ளினார்கள். காளிச்சாமி கூலி ஆட்களை விரட்டியே பழகியவர். அன்று விரட்ட ஆளில்லாமல் வரப்பில் இப்படியும் அப்படியும் நடந்தார். கடைசியில் அவரும் சுருளியம்மாளுக்குப் பக்கத்தில் ஒரு குவியலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் அவர் கையைப் பார்த்து, "அண்ணாச்சி, ஒத்தக் கையில ஆய்ஞ்சா எப்ப முடிக்க?" என்று கேட்டாள். அவர் மறுபேச்சில்லாமல் இரண்டாவது கையையும் சேர்த்துக்கொண்டார்.

அன்றைக்கும் மறுநாள் மத்தியானம் வரைக்கும் வேலை நடந்தது. மழை மறுபடி இறங்குவதற்குள் கடலை முழுக்க வீட்டுக்குள் வந்துவிட்டது. மயிலாத்தாளின் கோழிகள் தப்பவில்லை. ஆனால் எல்லோரும் வேலை முடிந்த பிறகுதான் தின்றார்கள், அதனால் யாருக்கும் தொண்டையில் நிற்கவில்லை. ஆளுக்கொரு மடிக் கடலையோடு லாரி ஏறும்போது சுருளியம்மாள், "தம்பி, கணக்கு நேராயிருச்சா?" என்று கேட்டாள். சென்னிமலை கைகூப்பினான்.

லாரி திரும்பி மறையும் வரைக்கும் காளிச்சாமி வாசலில் நின்றார். மனசுக்குள் ஏதோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார் என்று முகமே சொன்னது. பிறகு விறுவிறுவென்று உள்ளே போனார். அன்று விஜயதசமி. சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்த புத்தகங்களை எடுத்து, மேலே ஒட்டியிருந்த பூவைத் தட்டிவிட்டு, மகன் கையில் வைத்தார்.

"நாளைக்குக் காலேசு தொறக்குதல்ல?"

"ஆமாங்கப்பா."

"போன உடனே உங்க வாத்தியாரக் கேளு, அடுத்த கேம்ப் எப்பன்னு. கேம்பு நாளுக்கு அவங்க சோறு போட்டாங்க, சரியாப் போச்சு. மிச்சம் நீங்க மூணு பேரு தங்குன ஒரு வாரம். அவங்க வந்தது ஒரு லாரி ஆளு. எப்படிப் பாத்தாலும் நாமதான் பாக்கி நிக்கறம்." பூசையில் இருந்த மண்வெட்டியையும் எடுத்து அதன் காம்பு ஆடுகிறதா என்று பார்த்தார். "நானும் வரோணுமாட்ட இருக்குது."