நாற்பத்தெட்டு சைக்கிள்

அன்னூர்ப் பக்கம் கிணற்று மோட்டார் சரியாகச் சுற்றாவிட்டால் எல்லோரும் முதலில் திட்டுவது ஐயாசாமியைத்தான். மின்வாரியத்தைத் திட்டிப் பயனில்லை, அது காது கேளாத சாமி. ஐயாசாமியோ கைக்கெட்டும் தூரத்தில், கடைவீதி வைண்டிங் கடையில், செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "நீ கட்டிக் குடுத்த மோட்டாரு தண்ணியே எடுக்க மாட்டேங்குதேப்பா" என்று வருவார்கள். "வைண்டிங் நல்லாத்தானுங்க இருக்குது. கரண்டு நாப்பத்தெட்டு சைக்கிள்ல ஓடுதுங்க, அதான் சுத்து கம்மிங்க" என்பார் அவர். ஒருவரும் நம்பியதில்லை. செய்த வேலையின் குறையை மறைக்கப் பெரிய வார்த்தை பேசுகிறான் என்றே நினைத்தார்கள்.

பாடப்புத்தகம் அதிர்வெண் என்று சொல்வதைத்தான் வைண்டிங் கடைக்காரர்கள் சைக்கிள் என்பார்கள். வீட்டுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு ஐம்பது முறை போய்த் திரும்ப வேண்டும். மோட்டார்த் தகட்டிலும் ஐம்பது என்றுதான் பொறித்திருக்கும். ஆனால் அந்த வருடங்களில் கரண்டுக்கு எங்கும் தட்டுப்பாடு. தேவை ஏற ஏற அந்த ஐம்பது கீழே இறங்கிக்கொண்டே வரும். பீளமேட்டு மில் ஒன்றில் எலக்ட்ரீஷியனுக்குக் கையாளாகப் பத்து வருடம் இருந்த ஐயாசாமி அதை மீட்டரில் கண்ணாலேயே பார்த்தவர். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனாலும் மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே இப்போது எத்தனை சைக்கிள் என்று சொல்லிவிடுவார். மூத்த மகள் பொற்கொடிக்கும் அந்தக் காது வந்திருந்தது.

பொற்கொடி பிளஸ் டூ படித்தாள். பீளமேட்டில் உள்ள இன்ஜினியரிங் கல்லூரியில் ட்ரிபிள் ஈ என்கிற மின்பொறியியல் படிப்பில் சேர வேண்டும், மோட்டார் படிக்க வேண்டும். அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஆசை. ஐயாசாமியும் அவர் மனைவி மாசாணியம்மாளும் அந்த ஆசையை வீட்டில் ஓர் ஆளாகவே வைத்து வளர்த்தார்கள். ட்ரிபிள் ஈ என்பதைச் சரியாகச் சொல்ல மாசாணியம்மாளுக்கு ஆறு மாதம் ஆயிற்று.

பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் அவளுக்கு இயற்பியல் எடுத்தவர் ஈஸ்வரமூர்த்தி சார். நல்ல வாய் அவருக்கு. "புரிஞ்சு படிங்க. மனப்பாடம் பண்றதுக்கு டேப் ரெக்கார்டர் போதும், மனுசன் எதுக்கு?" என்று முதல் நாளே சொன்னார். கடையில் வாங்கிய கைடைப் பெஞ்சில் பார்த்தால் பிடுங்கி வைத்துக்கொள்வார். வகுப்பில் மற்றவர்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் மனப்பாடம் செய்தார்கள். பொற்கொடி மட்டும் நம்பினாள். ஒன்று ஏன் அப்படி ஆகிறது என்று தெரியாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டுவது அவளுக்குப் பொய் சொல்வது போல் இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அதைச் சொன்ன புண்ணியவான் பிளஸ் டூ எழுதியிருக்க மாட்டான். அங்கே வேகிறதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம் சார் ஒவ்வொரு சோதனையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்கும் சோனாமீட்டர் சோதனை வந்தபோது லேசாகச் சிரித்தார். "இதுல அம்பது வரோணும். வல்லீன்னா வர வெச்சுருங்க." வகுப்பே சிரித்தது, பொற்கொடியும் சிரித்தாள். சார் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

தொண்ணூற்றொன்பது பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலை அவள் எடுத்த சீட்டில் சோனாமீட்டர்தான் வந்தது. நீளமான மரப்பெட்டி, அதன்மேல் எடையைத் தொங்கவிட்டு இழுத்துக் கட்டிய கம்பி, கம்பிக்குப் பக்கத்தில் லாடக் காந்தம். கம்பியில் மின்சாரத்தை விட்டு அதன் நீளத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மின்சாரத்தின் துடிப்பும் கம்பியின் துடிப்பும் ஒன்றாகும் இடத்தில், மேலே உட்கார வைத்த காகிதத் துண்டு துள்ளிக் கீழே விழும். அந்த நீளத்தைக் கொண்டு கணக்குப் போட்டால் விடை.

பக்கத்து மேசையில் மனோஜ்குமாருக்கும் சோனாமீட்டரே வந்திருந்தது. தோட்டமும் அரிசி ஆலையும் வைத்திருக்கும் சென்னிமலைக் கவுண்டரின் மகன், நல்ல பையன். அவன் கம்பியைத் தொடவே இல்லை. போன வருடத்து அண்ணன் ஒருவனின் ரெக்கார்டு நோட்டிலிருந்த அளவுகளை, புள்ளிக்குப் பின்னால் வரும் எண் உட்பட, மனத்தில் ஏற்றி வந்திருந்தான். பத்து நிமிடத்தில் அட்டவணையை நிரப்பி, விடையில் 50.02 என்று எழுதிப்போட்டு, மிச்ச நேரத்துக்குக் காகிதத் துண்டைக் கம்பிமேல் உட்கார வைத்து விளையாடினான்.

பொற்கொடிக்கு 48.2 வந்தது. திரும்பவும் செய்தாள், 48.1. எடையை மாற்றிச் செய்தாள், மறுபடியும் 48.2. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா காதால் கேட்டுச் சொன்னதைக் கம்பி அளந்து சொல்கிறது. பதினேழு வருடத்தில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை, அதை அழித்துவிட்டு ஐம்பது என்று எழுத அவளால் முடியவில்லை.

"அம்பதுன்னு எழுதிரு பொற்கொடி" என்று மனோஜ்குமார் குனிந்து முணுமுணுத்தான். அவள் விடையை 48.2 என்றே எழுதி, கீழே ஒரு வரியும் சேர்த்தாள்: மின்பற்றாக்குறையால் அதிர்வெண் இந்நேரத்தில் ஐம்பதைவிடக் குறைவாக உள்ளது.

வெளியூர்ப் பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தாளைப் பார்த்ததும் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"வீட்டு மின்சாரத்தோட அதிர்வெண் எத்தனைம்மா?"

"இப்ப நாப்பத்தெட்டுங்க சார்."

"புக்குல எத்தனை போட்டிருக்குது?"

"புக்குல அம்பதுங்க சார்."

"அப்ப புக்கு தப்பு?"

"புக்கு தப்பில்லீங்க சார். இன்னைக்குக் கரண்டுதானுங்க கம்மி."

தேர்வாளர் சிரித்தார். பக்கத்தில் நின்ற ஈஸ்வரமூர்த்தி சாரைப் பார்த்து, "ஏனுங்க சார், உங்க பொண்ணு கரண்டுக்கே புதுசா நம்பர் வெச்சிருக்குதுங்களே" என்றார். பொற்கொடி சார் முகத்தையே பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சார் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "அவசரத்துல எங்கியோ தப்பாப் பண்ணிப்போட்டிருக்கும்ங்க" என்றார். தேர்வாளர் அவள் அட்டவணையில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு இழுத்தார்.

மே மாதக் கடைசியில் வந்த மதிப்பெண் பட்டியலில் இயற்பியல் எழுத்துத் தேர்வு நூற்றைம்பதுக்கு நூற்று நாற்பத்தேழு. செய்முறை ஐம்பதுக்கு நாற்பத்திரண்டு. அந்தப் பள்ளியில் செய்முறையில் ஐம்பது வாங்காதவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். எட்டு மதிப்பெண் போனால் இன்ஜினியரிங் சேர்க்கைக்கான கட்-ஆஃபில் இரண்டு போகும். அந்த இரண்டுக்குள் எத்தனை பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள் என்று கணக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஐயாசாமி கடையைச் சாத்திவிட்டு நேரே துணைமின் நிலையத்துக்குப் போனார். அங்கே ஆபரேட்டராக இருந்த ரசாக் அவருக்கு மில் காலத்துச் சிநேகிதர். மணிக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவது அவர் வேலை. ரசாக் பிப்ரவரி மாதத்து நோட்டைத் தேடி எடுத்து, ஒரு சீட்டில் பார்த்து எழுதிக் கொடுத்தார். பதினொன்றாம் தேதி, காலை பதினொரு மணி, 48.1.

"என்ற புள்ளைக்கு வந்தது சரிதான்" என்று ஐயாசாமி சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மோட்டார்க்காரர்கள் இத்தனை வருடம் நம்பாமல் போனதற்கும் சேர்த்துப் பதில் கிடைத்தது போல் இருந்தது அவருக்கு.

மறுநாள் இருவரும் பள்ளிக்குப் போனார்கள். ஐயாசாமி வாசலிலேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "நீ போ கண்ணு, படிச்சவங்க கிட்ட நீ பேசறதுதான் சரி." இயற்பியல் ஆய்வகத்தில் ஈஸ்வரமூர்த்தி சார் தனியாக இருந்தார். ஆறு பேர் இருநூற்றுக்கு இருநூறு வாங்கியதற்காகத் தலைமையாசிரியர் போட்ட பொன்னாடை நாற்காலி முதுகில் தொங்கியது.

"சார், அன்னைக்கு எனக்கு வந்தது சரிதானுங்க" என்று பொற்கொடி சீட்டை நீட்டினாள். "இதை வெச்சு நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தீங்கன்னா, மேல அனுப்பலாமுங்க."

சார் சீட்டைப் படித்தார். மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"தெரியும் அம்மணி."

பொற்கொடிக்கு முதலில் விளங்கவில்லை.

"இருவது வருசமா இந்த லேப்புல நிக்கறேன். எனக்குத் தெரியாதா? நானே வெச்சுப் பாத்திருக்கறேன். ஒரு வருசமும் அம்பது வந்ததில்லை."

"அப்புறம் ஏனுங்க சார் அன்னைக்குத் தப்புன்னு சொன்னீங்க?"

"இந்த வருசம் சோனாமீட்டர் வந்தது முப்பத்தொரு பேருக்கு. முப்பது பேரு அம்பதுன்னு எழுதியிருக்கறாங்க. உனக்கு வந்தது சரின்னு நான் எழுதிக் குடுத்தா, முப்பது பேரு பொய் எழுதுனாங்கன்னும் எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும். அதுல நாலு பேரு சென்டம். அவங்க என்ன ஆவாங்க, நான் என்ன ஆவேன்?"

"நீங்கதானுங்க சார் புரிஞ்சு படிக்கச் சொன்னீங்க."

"படிக்கத்தான் அம்மணி சொன்னேன். பரீட்சையில எழுதச் சொன்னனா?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கூட்டல் தப்பாகப் போட்ட பிள்ளைக்குச் சொல்வது போல் பொறுமையாகச் சொன்னார். அதுதான் பொற்கொடிக்கு நெஞ்சில் நெருப்பாகப் பட்டது. மூன்று மாதமாக, சாருக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் பேசியிருப்பார் என்று அவருக்காக அவளே தனக்குள் வாதாடியிருந்தாள். தெரியாதவர் என்றால் மன்னித்துவிடலாம். இவரோ எல்லாம் தெரிந்து, தெரிந்ததை உள்ளே பூட்டி வைத்துக்கொண்டு, வருடா வருடம் பிள்ளைகளிடம் புரிந்து படிக்கச் சொல்கிறவர். நம்பியவள் ஒருத்திதான், கிணற்றில் விழுந்தவளும் அவளேதான். அந்த மனிதரை அவள் அந்த நிமிடத்தில் முழு மனதாக வெறுத்தாள்.

வெளியே வந்ததும், "சாரு என்ன கண்ணு சொன்னாரு?" என்று ஐயாசாமி கேட்டார்.

"அவருக்குத் தெரியுமாமுங்கப்பா. எப்பவுமே தெரியுமாமுங்க."

ஐயாசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். ஊர் வரும்வரை ஏறி மிதிக்கவில்லை.

ஜூலையில் கவுன்சலிங்குக்குச் சென்னை போனார்கள். பெரிய கூடத்தில் கல்லூரிப் பெயர்களும் மிச்சம் இருக்கும் இடங்களும் பலகையில் மாறிக்கொண்டே இருந்தன. அவளுடைய இட ஒதுக்கீட்டுப் பிரிவில் பீளமேட்டு ட்ரிபிள் ஈக்கு நேராகக் காலையில் நான்கு என்று இருந்தது, பிறகு இரண்டு, ஒன்று. அவள் முறை வருவதற்கு மூன்று பேருக்கு முன்னால் அது பூஜ்யம் ஆயிற்று. கடைசி இடத்தை வாங்கிப் போனவளுக்குக் கட்-ஆஃபில் அவளைவிடக் கால் மதிப்பெண்தான் கூடுதல். வேறு வழி உண்டா என்று ஐயாசாமி கேட்டதற்கு, தனியார் கல்லூரிகளில் கூடுதல் சம்பளம் கட்டிப் படிக்கலாம் என்று அதிகாரி சொன்னார். ஐயாசாமி கும்பிட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

வாசலில் மனோஜ்குமார் நின்றான். அவனுக்கு அதே கல்லூரியில் அதே ட்ரிபிள் ஈ கிடைத்திருந்தது. சொல்வதற்குக் கூசினான், சொல்லாமலும் இருக்க முடியவில்லை. "எனக்கு மோட்டாரைக் கண்டாலே பயம் பொற்கொடி. அங்க போயி என்ன பண்றதுன்னே தெரீல" என்றான். பொய்யில்லாமல்தான் சொன்னான். அவள் சிரித்தாள். ஐயாசாமி அந்தச் சிரிப்பைப் பார்க்க மாட்டாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரயிலில் ஊர் திரும்பினார்கள். வீட்டுக்குள் நுழைந்து காலைக் கழுவி வந்த ஐயாசாமி, அந்த வருடம் பிளஸ் டூவுக்குப் போயிருக்கும் சின்னவள் இனியாவைப் பார்த்தார். அவளுக்கும் ஈஸ்வரமூர்த்தி சார்தான் இயற்பியல்.

"பொற்கொடி, இவளுக்கு எல்லாத்தையும் நீயே சொல்லிக் குடுத்துரு" என்றார் ஐயாசாமி. "கரண்டு அம்பதுதான்னு சொல்லிக் குடு."

மாசாணியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இருபது வருடமாக ஊரே எதிர்த்து நின்றபோதும் நாற்பத்தெட்டு என்று சொல்லிவந்த மனிதர் அவர்.

பொற்கொடி தங்கையை எதிரில் உட்கார வைத்து, ரெக்கார்டு நோட்டைத் திறக்கச் சொன்னாள். எடை இவ்வளவு, நீளம் இவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எழுத வைத்தாள். இனியா நான்கு வரி எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள்.

"ஏனுக்கா, சோதனையே செய்யாம நீளம் இத்தனைதான்னு எப்படித் தெரியும்?"

"கேள்வி கேக்காத" என்றாள் பொற்கொடி. "மனப்பாடம் பண்ணு."