முழங்கால் வரை வந்த கரும்புச் சட்டை

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். பால்காரருக்கு அண்ணி, எதிர்வீட்டுத் தையல்காரருக்கு அண்ணி, அவளைவிட மூத்தவரான மளிகைக்கடைக்காரருக்கும் வெட்கமே இல்லாமல் அண்ணி. அப்படிக் கூப்பிட உண்மையில் உரிமை உள்ளவன் ஒருவன்தான், அவள் கொழுந்தன். அவன் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு ஊருக்கே தொற்றிக்கொண்டது. அண்ணிக்கு அதில் உள்ளூரப் பெருமை. ஆனால் பெருமையை முகத்தில் காட்டுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. முகத்தில் அவள் காட்டுவதெல்லாம் கோபம் மட்டும்தான், அதைத் தாராளமாகவே காட்டுவாள்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட். உள்ளே ஒரே ஒரு நிட்டிங் மெஷின், வட்டமாக, ஆள் உயரத்துக்கு மேல். தலையைச் சுற்றி நூல் கோன்கள் நிற்கும், நடுவில் ஊசிகள் ஏறி இறங்கும், அடியில் பனியன் துணி குழாய்போல இறங்கிச் சுருண்டுகொள்ளும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிய மெஷின் அது. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு அவர் பங்கு அண்ணிக்கு வந்தது. பாதி மெஷினை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முழு மெஷினையும் அவளே ஓட்டினாள். வெளியே அலைவது, ஆர்டர் பிடிப்பது, துணியை வேனில் கொண்டுபோய்ப் போடுவதெல்லாம் கொழுந்தன் பாடு.

அலைந்து அலைந்து அவனுக்கு வெறுத்துப் போயிருந்தது. பருத்தி பனியன் துணியைப் பெரிய மில்காரர்கள் மலைமலையாக இறக்கும்போது இந்த ஒற்றை மெஷினை யார் சீந்துவார்கள்? மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ஷெட்டை கோடவுனாக வாடகைக்கு விடலாம் என்று அவன் சொல்ல ஆரம்பித்தான். இரும்புக்காரனிடம் பேசியும் வைத்துவிட்டான். அண்ணி பிடி கொடுக்கவில்லை. அவன் இரும்பு என்று வாயெடுத்தாலே இவள் மெஷினைப் போட்டுவிடுவாள், அந்தச் சத்தத்தில் அவன் பேசுவது அவனுக்கே கேட்காது.

அந்தச் சமயத்தில்தான் கரும்பு நூல் வந்தது. சர்க்கரை ஆலையில் சாறு பிழிந்தபின் மிஞ்சுகிற சக்கையைக் கூழாக்கி, அந்தக் கூழிலிருந்து இழை எடுத்து நூற்ற நூல். செடியிலிருந்து வரும் நூலில் மட்டுமே துணி செய்து விற்பேன் என்று ஒரு கம்பெனிக்கார அம்மா கிளம்பியிருந்தார். பெரிய மில்களில் ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறார். நூல் அறுந்து அறுந்து போகிறது, எங்கள் வேகத்துக்குத் தாங்காது என்று எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள். கொழுந்தன் இதை ஏதோ வேடிக்கைக் கதைபோலத்தான் வீட்டில் சொன்னான். அவன் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி, "நான் பின்னித் தர்றேன்னு சொல்லு" என்றாள்.

பேச்சு ஒன்று முடிவானது. இந்தத் துணியை அந்த அம்மா ஏற்றுக்கொண்டால் மெஷின் இருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இரும்புக்காரன் லாரியோடு வருவான், அண்ணி குறுக்கே நிற்கக் கூடாது. அவளும் சரி என்றாள். சொன்ன பிறகு அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அது வேறு விஷயம்.

தெருவுக்குக் கேட்க வேண்டுமா? நல்ல தீனி கிடைத்தது. மழை வந்தால் சட்டை கரைந்துவிடுமா என்றார் தையல்காரர். மளிகைக்கடைக்காரர் ஒருபடி மேலே போய், "எறும்பு மொய்க்காதா அண்ணி?" என்று கேட்டுவிட்டு, தன் ஜோக்குக்குத் தானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணி சோப்பை வாங்கிக்கொண்டு வந்தாள். மறக்கிற ஆள் இல்லை அவள்.

மில்காரர்கள் பொய் சொல்லவில்லை. நூல் அறுந்து அவள் உயிரை எடுத்தது. அறுந்த இடத்தை முடிந்துவிட்டு நிமிர்வதற்குள் இன்னொரு பக்கம் அறுந்து, துணியில் ஓட்டை ஓட்டையாக விழுந்தது. பருத்தி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வதுபோல அவளும் காலையில் ஷெட் தரையில் தண்ணீர் தெளித்து வைப்பாள். காற்றில் ஈரம் இருந்தால் பருத்தி நூலுக்குப் பலம், அறாது. கை தன் பாட்டுக்கு இந்த நூலுக்கும் தெளித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. தெளிக்காமலே எரிச்சலோடு மெஷினைப் போட்டாள். அன்றைக்கென்று நூல் சமர்த்தாக ஓடியது. அடடா, இது ஈரம் பட்டால் தளர்ந்து போகிற ஜாதியா என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாளியைத் தூக்கி வெளியே வைத்தாள், வேகத்தைக் குறைத்தாள். சும்மா சொல்லக்கூடாது, மெல்ல மெல்ல இறங்கிய துணியைப் பார்த்தால் கண் எடுக்க முடியவில்லை. லேசான பழுப்பு, அடக்கமான பளபளப்பு, கையில் எடுத்தால் குளுகுளு என்று நழுவியது.

எதிர்வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்து ஒரு சட்டை தைத்து வாங்கினாள். வந்ததும் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது தூக்கிவாரிப் போட்டது. இடுப்போடு நின்ற சட்டை முழங்கால் வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது. காய்ந்த பிறகும் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை.

கொழுந்தனும் அந்த நேரம் பார்த்து வேனை நிறுத்திவிட்டு வந்தான். கொடியைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, இரும்புக்காரனை எப்போது வரச்சொல்லலாம் என்று மட்டும் கேட்டான்.

அண்ணி கத்தத் தொடங்கினாள். அவனையல்ல, தன்னையே. பருத்தி என்றால் துவைத்ததும் சுருங்கும், அதனால் எப்போதும் பின்னல் கண்ணியைக் கொஞ்சம் தளர்த்தியே பின்னுவது அவள் கை வழக்கம். சுருங்காத நூலுக்கும் அப்படியே தளர்த்திவிட்டு, போதாததற்கு ஈரத்தோடு கொடியிலும் மாட்டியிருக்கிறாயே, விரித்துக் காயப்போடத் தெரியாதா, இத்தனை வருஷம் என்னத்தைப் பின்னிக் கிழித்தாய் என்று தன்னைத்தானே வாங்கு வாங்கென்று வாங்கினாள். சட்டையை உருவி, மெஷினில் எண்ணெய் துடைக்கிற வேஸ்ட் துணி மூட்டையில் வீசினாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் கன்னத்தில் இறங்க விடவில்லை. அன்றைக்கே கண்ணியை இறுக்கி மறுபடி நூல் கோத்தாள்.

இறுக்கிப் பின்னினால் ஊசி உடையும். தளர்த்தினால் துணி தொங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கும் என்று ஒற்றைக் காலில் நின்று தேடினாள். முன்பு வாரம் ஒருமுறையாவது இரும்புப் பேச்சை எடுக்கும் கொழுந்தன், இப்போது எடுக்கவே இல்லை. எல்லாம் எப்படியும் முடியத்தானே போகிறது என்று விட்டுவிட்டான்போல என அண்ணி நினைத்துக்கொண்டாள். அவனுடைய மனைவி, அண்ணியின் ஓரகத்தி, ஒரு தடவை வந்து, இவர் ஏன் இப்போதெல்லாம் தன் துணியைத் தானே துவைக்கிறார் என்று ஆச்சரியப்பட்டுவிட்டுப் போனாள். அண்ணிக்கு அதைக் காதில் போட்டுக்கொள்ள நேரமில்லை.

ஒரு வழியாகப் பதம் பிடிபட்டது. துவைத்து விரித்துக் காயவைத்தால் சட்டை சட்டையாகவே இருந்தது. அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அவர் வந்து ஷெட்டில் மர ஸ்டூலில் உட்கார்ந்து, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நாலு பக்கமும் இழுத்தார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. கொழுந்தன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு சுவரோரம் கைகட்டி நின்றான். அந்த அம்மா துணியை மடியில் வைத்தார்.

"துணி அருமையா இருக்கும்மா. ஆனா புதுசுல எல்லாத் துணியும் அருமையாத்தான் இருக்கும். தினமும் போட்டு, தினமும் துவைச்சா என்ன ஆகும்? மேலே நூல் உருண்டை தட்டுமா, நைஞ்சு போகுமா? அது தெரியாம என்னால விக்க முடியாது."

பதம் பிடிபட்டதே இப்போதுதான். தினமும் போட்டுத் துவைத்த சட்டைக்கு அண்ணி எங்கே போவாள்? தாங்கும் என்று அடித்துச் சொல்லலாம், ஆனால் தெரியாததைத் தெரியும் என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். லாரியில் அது ஏறுவது அவள் கண்முன்னால் வந்துவிட்டது.

சுவரோரம் கொழுந்தன் தொண்டையைச் செருமினான். பிறகு, கேட்டால் நம்ப மாட்டீர்கள், சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தான். என்ன தம்பி இது என்று அண்ணி பதறினாள். மேல்சட்டையைக் கழற்றிவிட்டுப் பேண்டுக்குள் செருகியிருந்த உள்சட்டையை உருவினான். அது வந்தது. வந்துகொண்டே இருந்தது. தொடையைத் தாண்டி முழங்காலில் வந்து நின்றது.

"இது அண்ணி பின்னின முதல் துணிங்க. வேண்டாம்னு வேஸ்ட் மூட்டையில போட்டுட்டாங்க. முதுகெல்லாம் வேர்க்குரு, ஒருநாள் வேர்வை துடைக்கலாம்னு எடுத்தேன், குளுகுளுன்னு இருந்துச்சு. அன்னையிலேருந்து தினமும் இதைத்தான் போடுறேன், தினமும் நானே துவைக்கிறேன். கொடியில போடல. அண்ணி தன்னைத் திட்டிக்கிட்டப்போ கேட்டுட்டுத்தான் இருந்தேன், கட்டில்ல விரிச்சுத்தான் காயவைக்கிறேன். அதுக்கப்புறம் ஒரு நூல்கூட நீளல."

அந்த அம்மா எழுந்து போய்ச் சட்டையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். அக்குளில், கழுத்தில், முதுகில், துணி எங்கெல்லாம் தேயுமோ அங்கெல்லாம் விரலை ஓட்டினார். உருண்டை இல்லை, ஓட்டை இல்லை. கழுத்துப் பட்டி மட்டும் லேசாக வெளுத்திருந்தது. அவர் திரும்பி அண்ணியிடம், அடுத்த வண்டியில் நூல் அனுப்புகிறேன், மெஷின் தாங்கும் மட்டும் பின்னுங்கள் என்றார். கிளம்பும்போது, இந்த நீளச் சட்டையைத் தன் கடையில் மாட்டி வைக்கக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கொடுத்துவிடு தம்பி என்று அண்ணி சொன்னாள். அவள் சொல்லைத் தட்டாதவன் அன்றைக்குத் தலையாட்டி மறுத்தான்.

"வேற எதுவேணா கேளுங்க. முதல் சட்டை எங்க வீட்டுலதான் இருக்கும்."

அவர் போன பிறகு அவன் இரும்புக்காரனுக்குப் போன் போட்டான். மெஷின் விற்பனைக்கு இல்லை, அதில் எங்கள் அண்ணிக்கு வேலை இருக்கிறது என்றான். அண்ணி மெஷின் பக்கம் திரும்பி, துடைக்க வேண்டியதே இல்லாத இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனே, எதற்குத் திருடன்போல எடுத்தாய் என்று கேட்டாள். நீங்கள் சிரித்திருப்பீர்கள் என்றான் அவன். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

மேல்சட்டையை அவன் திரும்பப் போடவில்லை. முழங்கால் வரை தொங்கும் கரும்புச் சட்டையோடு தெருவில் இறங்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மளிகைக்கடைக்குப் போனான். பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். தையல்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்து, நான் தைத்ததா இவ்வளவு நீளம் என்று திகைத்தார். மளிகைக்கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு துணியைத் தொட்டார், தொட்ட கையை எடுக்கவில்லை. உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, வாசலில் நின்ற அண்ணியை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"எனக்கும் ஒண்ணு கிடைக்குமா அண்ணி?"

பெருமை அவள் முகம் முழுக்க நிறைந்திருந்தது, அவளும் மறைக்கவில்லை.

"தர்றேன். எறும்பு வந்தா என்னைக் கேக்கக் கூடாது."