நெஞ்சில் இரண்டு தட்டு

பாலர் பள்ளியின் கேட்டுக்கு வெளியே தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். பெற்றோர் அதுவரை வரலாம், தாண்டக்கூடாது. காலையில் பிள்ளையைக் கோட்டருகே விட்டுவிட்டு நடையைக் கட்ட வேண்டும். மதியம் அதே கோட்டருகே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். பார்சல் ஆபீஸில்கூட உள்ளே எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கலாம். இங்கே அதுவும் கிடையாது. இத்தனைக்கும் மதில் சுவரில் கொட்டை எழுத்தில் 'பெற்றோரும் பள்ளியும் இரு கரங்கள்' என்று எழுதிவைத்திருந்தார்கள். ஒரு கரம் உள்ளே, ஒரு கரம் வெயிலில்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் வெயிலில் நின்ற கரத்துக்குப் பட்டாசு என்று பெயர். தறிப்பட்டறையில் வைத்த பெயர். வீட்டுப் பெயர் ரேஷன் அட்டையில் இருக்கிறது, யாரும் கூப்பிடுவதில்லை. பற்ற வைக்கவே வேண்டாம், பக்கத்தில் போனாலே வெடிப்பாள் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவள் கையில் ஒரு தாள் இருந்தது. மகளின் பையில் மடித்து வைத்து அனுப்பியிருந்தார்கள்.

'பேசுவதில்லை. சொன்னால் பதில் தருவதில்லை. தன்னைத்தானே நெஞ்சில் அடித்துக்கொள்கிறாள். மற்ற பிள்ளைகளின் முகத்துக்கு நேரே இரண்டு விரல்களை நீட்டுகிறாள்.' தெரிந்த மொழிகள் என்ற கட்டத்தில் வெறும் கோடு. கீழே, வாய் பேச முடியாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கு மாற்றப் பரிந்துரை. வகுப்பாசிரியையும் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள்.

பட்டாசு தாளை மறுபடி படித்தாள். யாரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்? அவள் மகளுக்கு அப்பா வைத்த பெயர் கொசு. நாலரை வயதில் காதோரம் அப்படி ஓயாமல் ரீங்காரம் போடுவாள். தூக்கத்தில்கூட யாருக்கோ கணக்குச் சொல்வாள். இதோ இப்போதும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அந்த நாய்க்கு ஒரு காது மடங்கியிருக்கு, தூங்கும்போது கீழ வெச்சு அமுக்கிட்டிருக்கும்மா, நீ தேய்ச்சு விடுறியா" என்று பொரிந்துகொண்டிருந்தாள்.

அந்த வேறு பள்ளியின் மேல் பட்டாசுக்கு ஒரு கோபமும் இல்லை. அங்கே இடம் வேண்டிய பிள்ளைக்கு அந்த இடம் கிடைக்கட்டும். வாய் ஓயாத பிள்ளையைக் கொண்டுபோய் அந்த நாற்காலியில் உட்காரவைப்பது இரண்டு பிள்ளைகளுக்கும் செய்கிற அநியாயம்.

"டீச்சர்!" என்று அவள் போட்ட சத்தத்தில் கேட்டில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் எழுந்தே விட்டார்.

"கத்தாதம்மா. பெரிய டீச்சருக்குக் கேட்டா என் வேலை போயிடும்."

"கேக்கணும்னுதான் அண்ணே கத்தறேன்."

வகுப்பாசிரியை ஓடி வந்தாள். சின்ன டீச்சர் என்பார்கள். இருபத்தைந்து இருபத்தாறு வயதிருக்கும். கையெல்லாம் சாக்பீஸ் தூள், புடவையில் பச்சை மை. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"டீச்சர் புடவையில மை கொட்டினது நான் இல்லம்மா, அந்த நெட்டைப் பையன்" என்றாள் கொசு.

சின்ன டீச்சர் வாயைத் திறந்தபடி நின்றாள். "இவ... பேசுவாளா?"

"பேசுவாளாவா? நிறுத்தறதுக்கு ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க."

"சத்தியமா சொல்றேன், உள்ள ரெண்டு மாசமா ஒரு வார்த்தை வரலை. காது கேக்கலையோன்னு பயந்தேன். உட்காருன்னு சொன்னா உட்காருவா. ஆனா வாயைத் திறக்காம இப்படி அடிச்சுக்குவா." சின்ன டீச்சர் தன் கையை மூடி நெஞ்சில் இரண்டு முறை தட்டிக் காட்டினாள். "அப்புறம் இப்படி." இரண்டு விரல்களைக் கத்தரிபோல் அசைத்தாள். "நேத்து ஒரு பையன் முகத்துக்கு நேரா. அவன் கண்ணுல குத்தியிருந்தா?"

பட்டாசு அவளையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகப் போயிற்று.

"அந்தப் பையன் சட்டையில பொத்தான் நூல் அறுந்திருந்ததா?"

சின்ன டீச்சர் யோசித்தாள். "மதியம் கூட்டிட்டுப் போக வந்தப்ப அவங்க அம்மா கேட்டாங்க, பொத்தான் எங்கேன்னு."

"நூல் அறுந்திருக்குன்னு சொல்லியிருக்கா டீச்சர். எங்க பட்டறைப் பேச்சு அது."

"நீங்க சொல்றது எனக்குப் புரியலை."

"இங்க நின்னு சொன்னா புரியாது. நான் உள்ள வந்து பாக்கறேன்."

"பெத்தவங்க உள்ள வரக்கூடாது. ரூல்."

"அப்ப நீங்க வாங்க. நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு, பட்டறைக்கு லீவு இல்ல. எங்க எடத்துல கோடெல்லாம் போட்டு வைக்கலை."

வரமாட்டாள் என்றுதான் பட்டாசு நினைத்தாள். ஆனால் சனிக்கிழமை பத்து மணிக்கு அதே மைக்கறைப் புடவையில் சின்ன டீச்சர் பட்டறை வாசலில் நின்றாள்.

பதினாறு தறி. பதினாறும் ஒரே நேரத்தில் ஓடினால் அங்கே சத்தம் காதுக்குள் போவதில்லை, பல்லுக்குள் போகும். சின்ன டீச்சர் உள்ளே வந்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, அவ்வளவுதான். மறுபடி சொன்னாள். தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகளை அடக்குகிற குரல், பக்கத்துத் தறிக்காரிக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. பட்டாசு தன் தறியை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பார்க்கட்டும் என்று ஒரு வீம்பு.

சுற்றிலும் கைகள் பேசிக்கொண்டிருந்தன. கட்டைவிரல் உதட்டுக்குப் போனால் தண்ணீர். கத்தரி விரல் காட்டினால் நூல் அறுந்தது. உள்ளங்கையைக் கீழே அறைந்தால் தறியை நிறுத்து. நெஞ்சில் இரண்டு தட்டு தட்டினால், சொன்னது வந்து சேர்ந்தது, நான் பார்த்துக்கொள்கிறேன். மூலையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கொசுவின் ஸ்டூல். பள்ளி விட்டதும் ஷிப்ட் முடியும்வரை அவள் அங்கேதான். தவழ்ந்த நாளிலிருந்து அங்கேதான். அவள் கையும் சும்மா இல்லை. யாருக்குத் தண்ணீர் வேண்டும், எந்தத் தறியில் நூல் போயிற்று என்று அங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று சின்ன டீச்சர் இரண்டு எட்டு பின்னால் நகர்ந்தாள். ஓடுகிற பெல்ட் பக்கம் அவள் முந்தானை பறந்தது.

பட்டாசு பார்த்துவிட்டாள். கத்தினாள். அவளே கத்தினாள், பன்னிரண்டு வருடம் அந்தப் பட்டறையில் இருந்தவள், பதற்றத்தில் வாயைத் திறந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

கொசு ஸ்டூல் மேல் ஏறி நின்றாள். எதிர்ப்பக்கம் சுவிட்சருகே நின்ற அப்பாவை, அந்தப் பட்டறை மேஸ்திரியைப் பார்த்து உள்ளங்கையை ஓங்கி அறைந்தாள், உடனே டீச்சர் பக்கம் விரலை நீட்டினாள். மேஸ்திரி கைப்பிடியை இழுத்தார். அந்தத் தறியின் பெல்ட் தளர்ந்து நின்றது. மகளைப் பார்த்து நெஞ்சில் இரண்டு தட்டு தட்டினார்.

சின்ன டீச்சர் திரும்பிப் பார்த்தாள். முந்தானை நுனி பெல்ட்டிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்தில் தொங்கியது.

டீ நேரத்தில் எல்லாத் தறியும் நின்றன. சின்ன டீச்சர் டம்ளரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"உட்காருன்னு சொன்னேன். சரி டீச்சர்னு சொல்லியிருக்கா. தண்ணி குடின்னு சொன்னேன். சரின்னு சொல்லியிருக்கா. ரெண்டு மாசமா பதில் சொல்லிக்கிட்டே இருந்திருக்கா. நான் அடிச்சுக்கறான்னு எழுதி வெச்சிருக்கேன்."

"உங்க வகுப்புல சத்தமா?" என்றார் மேஸ்திரி.

"சந்தைக்கடை மாதிரி இருக்கும்."

"அதான். சத்தம்னா கை, அமைதின்னா வாய். அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

தவறு ஒரு பக்கம் மட்டும் இல்லை என்று பட்டாசுக்கும் உறைத்தது. உறைத்ததை ஒத்துக்கொள்ள அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "நாங்களும் அவகிட்ட இது பட்டறைக்கு மட்டும்னு சொல்லலை. எங்களுக்கே இது ஒரு பேச்சுன்னு தோணினதில்லை. சரி, வருத்தப்பட்டது போதும் டீச்சர். எழுதினதை அழிங்க."

"பெரிய டீச்சர் சீல் வெச்சாச்சு. நான் வாயால சொன்னா நம்பமாட்டாங்க."

"வாயால எதுக்குச் சொல்லணும்? நாங்க வரோம்."

"கோடு இருக்கே."

"பெயின்ட்தானே அது, முள்கம்பி இல்லையே?"

திங்கட்கிழமை காலை, மஞ்சள் கோட்டுக்கு முன்னால் பட்டாசும் இன்னும் மூன்று தறிக்காரிகளும் வந்து நின்றார்கள். அவர்களுடைய தறிகளை அரை மணி நேரம் பார்த்துக்கொள்வதாக மேஸ்திரி ஏற்றிருந்தார். வாட்ச்மேன் அவர்களைப் பார்த்தார். பிறகு பூட்டில் ஏதோ பெரிய கோளாறு இருப்பதுபோல் குனிந்து ஆராயத் தொடங்கினார். நால்வரும் தாண்டிப் போகும்வரை அவர் நிமிரவே இல்லை.

வகுப்பில் சந்தைக்கடைதான். ஒருவன் மேசைமேல், இரண்டு பேர் கீழே, ஒரு பொம்மைக்காக மூன்று பேர் இழுபறி. நடுவில் கொசு வாயைத் திறக்காமல் இருந்தாள். அம்மாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கை கேட்டது: இங்கே எப்படி? பட்டாசின் கை சொன்னது: சும்மா, பார்க்க வந்தேன். இன்னொரு தறிக்காரி கதவருகிலிருந்து எதையோ காட்ட, கொசு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இழுபறி நின்றது. பொம்மையைக் கீழே போட்டுவிட்டு, "என்ன சொன்னாங்க? எங்களுக்கும் சொல்லு" என்று பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பத்து நிமிடத்தில் தண்ணீர் என்று சொல்ல இருபத்தாறு கட்டைவிரல்கள் உதட்டுக்குப் போயின. நான்கு பெண்களும் ஆளுக்கொரு மூலையில் குந்தி, ஆளுக்கு ஆறேழு பிள்ளைகளை வைத்துக்கொண்டார்கள். வகுப்பு அமைதியானது. அமைதியானதும், "அப்படி இல்ல, விரலை மடக்கு, இன்னும் மடக்கு" என்று ஒரு குரல் அதட்டியது. கொசுவின் குரல்தான். நெட்டைப் பையனுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் பெரிய டீச்சர் உள்ளே வந்தார்.

"யார் இவங்களையெல்லாம் உள்ள விட்டது?"

"நான்தான் கூப்பிட்டேன், மேடம்" என்றாள் சின்ன டீச்சர். கூப்பிடவில்லை, அவர்களாகவே வந்தார்கள். ஆனாலும் அப்படித்தான் சொன்னாள்.

"கோடு எதுக்குப் போட்டிருக்கு? இன்னிக்கு நாலு பேர் வருவாங்க, நாளைக்கு நாற்பது பேர். எவ எதைத் தூக்கிட்டுப் போனான்னு யார் பாக்கறது?"

பட்டாசு எழுந்தாள். "எங்க புள்ளையையே உங்ககிட்ட விட்டுட்டுப் போறோம் மேடம். எதைத் தூக்கிட்டுப் போனீங்கன்னு நாங்க கேட்டோமா? இப்ப கேக்கறேன். என் பொண்ணு பேச்சைத் தூக்கிட்டீங்க. அதை வாங்கிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்."

பெரிய டீச்சரின் முகம் சிவந்தது. சின்ன டீச்சர் பக்கம் திரும்பினார். "அந்தப் படிவம் எங்கே? கையெழுத்துப் போட்டாச்சா?"

பட்டாசு வந்ததும் கொடுத்திருந்த தாளைச் சின்ன டீச்சர் மேசையிலிருந்து எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். 'பேசுவதில்லை' என்பதை அடித்தாள். 'பதில் தருவதில்லை' என்பதை அடித்தாள். அடித்த கோடுகள் நேராக விழுந்தன. தெரிந்த மொழிகள் என்ற கட்டத்துக்கு வந்தாள். அங்கே தானே முன்பு போட்டிருந்த கோட்டின் மேல், கொட்டை எழுத்தில் 'இரண்டு' என்று எழுதினாள். பரிந்துரை முழுவதையும் குறுக்கே அடித்துவிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். பேனாவைப் பட்டாசிடம் கொடுத்தாள். பட்டாசும் போட்டாள், வீட்டுப் பெயரை, முழுசாக.

"இதை நான் மேலிடத்துக்கு எழுதுவேன். உன் வேலைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நான் சொல்றது புரியுதா?" என்றார் பெரிய டீச்சர்.

சின்ன டீச்சர் வாயைத் திறக்கவில்லை. கையை மூடினாள். நெஞ்சில் இரண்டு தட்டு தட்டினாள்.

டீச்சர் தட்டியதைப் பார்த்துக் கொசு தட்டினாள். கொசுவைப் பார்த்து நெட்டைப் பையன் தட்டினான். பிறகு வகுப்பே தட்டியது.

"என்ன இது? எதுக்கு எல்லாரும் அடிச்சுக்கறாங்க?"

பட்டாசு ஒரு குட்டி நாற்காலியை இழுத்து, பெரிய டீச்சரின் முன்னால் போட்டாள்.

"உக்காருங்க மேடம். என் பொண்ணு சொல்லித் தருவா."