மூக்கையே பார்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கண் ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போதே, கொழுந்தனை இன்றைக்கு உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என முடிவுசெய்துவிட்டேன்.

நான் மெத்தைக் கடையில் தலையணைக்குப் பஞ்சு அடைப்பவள். பஞ்சுத் தூசி என் கண்ணுக்கு ஆகவில்லை. அரிப்பென்றால் அப்படியொரு அரிப்பு. கண்ணைப் பிடுங்கிக் கழுவிவிட்டுத் திரும்ப வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றும். சிவந்து வீங்கிய கண்ணைப் பார்த்து, "வீட்ல சண்டையாம்மா?" என்று முதலாளி கேட்பார். "ஆமா, உங்க பஞ்சோட" என்பேன்.

போன வருஷம் டாக்டர் ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். கொழுந்தன்தான் மருந்துக் கடை வைத்திருக்கிறானே, அவனிடமே வாங்கினேன். போட்டதும் கண் குளிர்ந்து வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. பாட்டில் தீர்ந்ததும் திரும்ப டாக்டரிடம் கிளம்பினேன்.

"எதுக்கண்ணி காசைக் கரியாக்குறீங்க? நல்லா கேக்குதுல்ல, அதையே போடுங்க" என்று அடுத்த பாட்டிலை நீட்டினான். தீரத் தீரக் கொடுத்தான். நல்லவன்தான். அந்தக் குடும்பத்தில் என் வாய்க்குப் பயப்படாத ஒரே ஆள் அவன்.

கொஞ்ச நாளாகக் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வருகிறவர்கள் திடீர் திடீரென்று முளைத்தார்கள். "நடந்து பழகு மொதல்ல" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். இன்று வேலைக்கு நடுவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என்னை ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னார். "என் மூக்கையே பாருங்க. பக்கத்துல விரல் தெரிஞ்சதும் சொல்லுங்க." நான் சொன்னபோது விரல் அவர் கன்னத்தருகே வந்திருந்தது.

பையிலிருந்த சொட்டு மருந்துப் பாட்டிலை எடுத்துக் காட்டினேன். "இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. அலர்ஜி அடங்குற வரைக்கும் கொஞ்ச நாள் போட்டுட்டு நிறுத்திடணும். விடாம போட்டதுல கண்ணுல பிரஷர் ஏறி நரம்பு கெட்டு, பக்கவாட்டுப் பார்வை போயிடுச்சு. போன பார்வை போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்தலாம்" என்றார். அரிப்புக்கு வேறு சொட்டு மருந்து இருக்கிறதாம், மெதுவாகத்தான் கேட்குமாம்.

மருந்துக் கடையில் கூட்டம் இல்லை. கொழுந்தன் அலமாரியில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணி. மருந்து தீந்துடுச்சா?"

"உன் மருந்துல என் கண்ணு போச்சுடா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் வந்தேன். டாக்டர் சொன்னதை முதலில் சொன்னேன். அவன் முகம் வெளிறிப்போய், என்னை விட்டுவிட்டுக் கல்லாவுக்குப் பின்னால் பார்த்தான். நானும் எட்டிப் பார்த்தேன்.

அங்கே அவன் மகள் குட்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்து முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலையைச் சாய்த்து, கீழ் இமையை விரலால் இழுத்து, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டாள். ரொம்ப நாள் பழகிய கை. என் பையில் இருக்கும் அதே பாட்டில்.

"அவளுக்கும் தூசி அலர்ஜி அண்ணி" என்றான். "உங்களுக்கு நல்லா கேட்டுச்சேன்னுதான்..."

வழியெல்லாம் சேர்த்துவைத்த வசவு எங்கே போனதென்று தெரியவில்லை. உள்ளே போய்ப் பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, எதிரில் மண்டி போட்டேன்.

"குட்டி, ஒரு விளையாட்டு. இந்தக் கண்ணைப் பொத்திக்கோ. என் மூக்கையே பாரு. பக்கத்துல விரலைக் காட்டுவேன். தெரிஞ்சதும் சொல்லணும்."

"உங்க மூக்குல பஞ்சு ஒட்டியிருக்கு பெரியம்மா" என்று சிரித்தாள்.

"இருக்கட்டும். அதையே பாரு."

கொழுந்தன் அவள் பின்னால் வந்து நின்றான். அவள் பொத்தாத கண்ணுக்குப் பக்கத்தில், தோளுக்கு நேராக விரலை நீட்டி ஆட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மெல்ல உள்ளே கொண்டுவந்தேன். இன்னும் கொண்டுவந்தேன். என் விரல் அவள் கன்னத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. அவள் ஏமாற்றாமல் என் மூக்கையே பார்த்துக்கொண்டு, ஆசையாகக் காத்திருந்தாள்.

"எப்ப பெரியம்மா காட்டுவீங்க?" என்றாள்.