ஈஜோக் கேட்டில் கட்டுச்சோறு

செந்தூல் இரவுப் பள்ளியில் ஆங்கிலம் படிக்கும் இருபத்திரண்டு பேரும் ஒருநாள் பயணம் போவது என்று முடிவாகிவிட்டது. எங்கே போவது என்பதில்தான் இரண்டு வாரம் இழுத்தது. உதுமான் மலாக்கா என்றான். சிலர் போர்ட்டிக்சன் என்றார்கள். சிவானந்தம் மட்டும் ஒரு தாளில் நான்கு ஊர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தூரம், ஊரடங்கு தொடங்கும் நேரம், பார்க்க வேண்டியவை என்று கட்டம் போட்டுக்கொண்டு வந்தான்.

"கோலசிலாங்கூர் நாப்பத்து ரெண்டு மைலு. ஏழு மணிக்குப் பொறப்பட்டா இருட்டுறதுக்குள்ள திரும்பிடலாம். குன்றுமேல பழைய கோட்டை இருக்கு, டச்சுக்காரன் பீரங்கி இருக்கு. ஆத்துக்கு அந்தாண்ட பாசிர் பெனம்பாங்ல மீன் சாப்பாடு."

"பீரங்கி பாக்க அவ்வளவு தூரம் போவணுமா லா?" என்றான் உதுமான். "செந்தூல் போலீசு ஸ்டேசனுக்கு எதுக்க கொஞ்ச நேரம் நின்னா அவனுங்களே காட்டுவானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கை தூக்கச் சொன்னபோது பதினான்கு கைகள் கோலசிலாங்கூருக்கு உயர்ந்தன. கட்டம் போட்ட தாளுக்கு அப்படி ஒரு மரியாதை. சிவானந்தம் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். தான் செய்தது ஏமாற்று வேலையா இல்லையா என்று வீடு போய்ச் சேரும்வரை யோசித்தான்.

உண்மைக் காரணம் அந்தக் கட்டங்களில் இல்லை. கோலசிலாங்கூர்ச் சாலை ஈஜோக்கைத் தாண்டித்தான் போகிறது. ஈஜோக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அவன் அக்கா கங்கா வாழ்க்கைப்பட்டிருந்தாள். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து, இப்போதுதான் முதல் பிள்ளை. ஏழாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சிக்குத் தாய்வீட்டிலிருந்து ஐந்து வகைக் கட்டுச்சோறு போகவேண்டும். போகாவிட்டால் அவள் நாதியற்றவள் என்பது தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் எழுதாத சட்டம். அம்மா போன வருடம் இறந்துபோனாள். மிச்சமிருப்பது தம்பி ஒருவன்தான்.

"என் மாமியா வேலம்மா தினம் கேக்குது, ஒன் பொறந்த வீட்டுல அடுப்பு இருக்கா, இல்ல அதையும் பொதைச்சுட்டாங்களான்னு" என்று அக்கா ஆள்விட்டுச் சொல்லியனுப்பியிருந்தாள்.

வெள்ளைக்கார சர்க்கார் அவசரகாலச் சட்டம் போட்டு நான்கு வருடமாகிவிட்டது. தோட்டங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். வேலிக்குள் போகும் அரிசி அங்கிருந்து காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகும் என்பது சர்க்கார் எண்ணம். தனியாளாய்ச் சோறு சுமந்து போனால் சந்தேகப்படுவார்கள். கூட்டமாகச் சுற்றிப்பார்க்கப் போகிறவர்களிடம் சோறு இருந்தால் யார் கேட்பார்கள்? இப்படித்தான் சிவானந்தம் கணித்தான்; ஞாயிறு காலை ஈஜோக் கேட்டில் போலீஸ் சோதனைக்கு பஸ் நிற்கும்போது வந்து வாங்கிக்கொள்ளும்படி அக்காவுக்கும் சொல்லியனுப்பினான். தமிழ்ப் பத்திரிகையில் வந்த அறிவிப்பையும் தேடிப்பிடித்து இரண்டு தடவை படித்தான். கொண்டுபோகக் கூடாதவை: அரிசி, மாவு, சீனி, டின் உணவு. சமைத்த சோறு என்ற சொல் அதில் இல்லை. தன் ஞாபகத்தை, தன் தைரியத்தை, தன் ஆங்கிலத்தையெல்லாம் சந்தேகப்படுகிறவன், அந்தப் பத்திரிகையின் தேதியை மட்டும் சந்தேகப்படவில்லை. அது ஒரு மாதம் பழையது.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் பக்கத்து வீட்டு நாகமணியக்கா சமைத்து, பெரிய அடுக்குத் தூக்கு ஒன்றில் அடைத்துக் கொடுத்தாள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, மேலடுக்கில் சர்க்கரைப் பொங்கல்.

"வழியில தொறந்துடாத தம்பி. புள்ளத்தாச்சி கைதான் மொதல்ல படணும்."

பஸ்ஸில் அதைக் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டான். யாரும் கேட்கவில்லை. ஒன்பதரைக்கு ஈஜோக் கேட்டில் பஸ் நின்றது. சாலைக்குக் குறுக்கே கட்டை. வலப்புறம் ஐம்பது கெஜத்தில் தோட்டத்து வேலிவாசல். அங்கே பச்சைக் கூறைச்சேலையில் அக்கா வாழையிலைச் சுருளோடு நிற்பதையும், வேலிக்குள் கிழவி ஒருத்தி இன்னும் இரண்டு பெண்களோடு நிற்பதையும் சிவானந்தம் பார்த்துவிட்டான். சாட்சிக்கு ஆள் கூட்டிக்கொண்டு வேலம்மா வந்திருந்தாள்.

மலாய்ப் போலீஸ் சார்ஜன் ஒருவர் ஏறி, ஒவ்வொரு இருக்கைக்குக் கீழும் பிரம்பால் தட்டிக்கொண்டு வந்தார். தூக்கில் தட்டியதும் சத்தம் மாறியது. திறக்கச் சொன்னார். திறந்தான்.

"சோறா? இந்த மாசம் மொதத் தேதியிலேருந்து சமைச்ச சோறும் கூடாது, தெரியாதா?" மலாயில்தான் கேட்டார். "யாருக்கு இது?"

அக்காவுக்கு என்று சொன்னால் அடுத்த கேள்வி, எந்த அக்கா. போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் வேலை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவரை இரண்டு கட்டி எடை அரிசிக்காகப் பிடித்துக்கொண்டுபோனார்கள், இன்னும் வரவில்லை.

"எங்களுக்குத்தான். எல்லாருக்கும்."

சார்ஜன் சாலையோரம் நின்ற ஜீப் பக்கம் பார்த்தார். அதில் வெள்ளைக்கார அதிகாரி வரைபடத்தை விரித்துக்கொண்டிருந்தான். சார்ஜன் குரலைத் தாழ்த்தினார்.

"நான் எழுதுனா ஒனக்கு ஜெயிலு. வயசுப் பையனா இருக்கே. ஒங்களுக்குத்தானே? எறங்கி இங்கேயே சாப்பிடுங்க. ஒரு பருக்கை இந்தக் கட்டையத் தாண்டக் கூடாது."

அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அதில் சிவானந்தத்துக்குச் சந்தேகமே இல்லை.

இறங்கினார்கள். உதுமான் தூக்கைச் சாலையோரப் புல்லில் வைத்து அடுக்குகளைப் பிரித்தான். "அடப்பாவி, கல்யாண வீட்டுச் சாப்பாட்டையே கொண்டாந்திருக்கான். சொல்லவே இல்ல பாரு!" முதல் கை அவன் கைதான், சர்க்கரைப் பொங்கலில். ஆளுக்கொரு பிடி. விடிகாலையில் வெறும் கோப்பியோடு கிளம்பியவர்கள். புளிச்சோற்றுக்குத் தள்ளுமுள்ளு நடந்தது. சார்ஜனின் கண் தன்மேல் இருப்பதைச் சிவானந்தம் உணர்ந்தான். அவனும் எடுத்தான். மென்றான். விழுங்கினான். இன்னொரு பிடியும் எடுத்தான்.

கங்கா நடந்து வந்தாள். வயிற்றுக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு, மெதுவாக, கட்டைக்குப் பத்தடிவரை. தம்பி வாயில் சோற்றோடு நிற்பதைப் பார்த்தாள். திறந்து கிடந்த ஐந்து அடுக்குகளையும் பார்த்தாள்.

"தம்பி," என்றாள்.

சார்ஜன் திரும்பினார். "இந்தப் பொம்பள யாரு? ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றான் சிவானந்தம். மலாயில் சொன்னாலும் அது அவளுக்கு நன்றாகவே புரிகிற சொல்.

ஒரு மூச்சு விடும் நேரம் அவள் அவனையே பார்த்தாள். பிறகு சார்ஜனிடம், "தெரிஞ்ச பையன் மாதிரி இருந்துச்சு துவான். இது அவன் இல்ல," என்றாள்.

"போ, உள்ளே போ."

திரும்பினாள். வாழையிலை கையிலேயே இருந்தது. வேலிவாசலில் வேலம்மா ஏதோ கேட்டாள். கூட நின்ற இரண்டு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கங்கா அவர்களுக்கிடையே நுழைந்து லயத்துப் பக்கம் போய்விட்டாள்.

பஸ் புறப்பட்டு ஒரு மைல் போயிருக்கும். உதுமான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பொங்கல் நெய் இன்னும் அவன் விரல்களில் மினுங்கியது.

"அந்தப் பொம்பளைக்கு ஒம் மூஞ்சிடா."

சிவானந்தம் காலித் தூக்கைக் கால்களுக்கிடையே இழுத்து வைத்துக்கொண்டான்.

"டேய், அது யாரு சோறுடா?"

"அக்காவோடது. கட்டுச்சோறு. ஏழாம் மாசம்."

உதுமான் தன் கையைத் தூக்கிப் பார்த்தான். அவர்கள் குடும்பத்திலும் ஏழாம் மாதச் சடங்கு உண்டு. கையைத் துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடினான். பிறகு துடைக்காமலே மடியில் வைத்துக்கொண்டான்.

"முன்னாடியே சொல்லியிருந்தா நான் பட்டினி கிடந்திருப்பேன் லா."

"நீ சாப்பிடலேன்னாதான் சார்ஜன் எழுதியிருப்பாரு."

கோலசிலாங்கூரில் மற்ற எல்லோரும் குன்றேறினார்கள். பீரங்கிகள் ஆற்றுமுகத்தைப் பார்த்துக்கொண்டு துருப்பிடித்துக் கிடந்தன. ஒருவன் ஒன்றின் மேல் ஏறிப் படம் பிடித்துக்கொண்டான். சிவானந்தம் கீழேயே நின்று டிரைவர் அர்ஜுனனிடம் கெஞ்சினான்.

"அண்ணே, திரும்பறப்போ ஈஜோக்ல ரெண்டு நிமிசம் நிப்பாட்டுவீங்களா? எறங்கக்கூட மாட்டேன்."

"ஈஜோக் வழியே கெடையாது தம்பி. ரெண்டு மணிக்கு மேல அந்த ரோட்டுல பஸ்ஸ விடமாட்டானுங்க. காப்பார் சுத்திக்கிட்டுத்தான் போவணும்."

இரண்டு மணிக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது. மற்றவர்கள் மேலே இருந்தார்கள். ஓடினால் எல்லோரையும் குன்றிலிருந்து இறக்கிவிடலாம். ஆனால் இறக்கி, ஏற்றி, ஈஜோக் போய், யாரிடம் என்ன சொல்வது? தெரியாது என்று சொன்னவன் மறுபடி அதே வாசலில் போய் நின்றால், சார்ஜன் இந்தத் தடவை அவளைத்தான் பிடிப்பார். சிவானந்தம் எல்லா வழியையும் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தான். எதுவும் உதவவில்லை.

காப்பார் கேட்டில் மாலை நாலரைக்கு நிறுத்தினார்கள். இளவயதுக் கான்ஸ்டபிள் ஒருவன் ஏறி, சாப்பாட்டுச் சாமான் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். சிவானந்தம் தூக்கோடு எழுந்திருக்கப் பார்த்தான். உதுமான் அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்தான்.

"இல்ல துவான். எல்லாத்தையும் நாங்களே சாப்பிட்டுட்டோம்."

கான்ஸ்டபிள் தூக்கின் ஐந்து அடுக்குகளையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் விரலைவிட்டுப் பார்த்தான். பிறகு இறங்கிக் கட்டையைத் தூக்கச் சொன்னான்.