ஹேட்டியின் கையில் இப்போதைக்குக் கட்டை

1

ஒரு குழந்தை தன் முதல் பிபி துப்பாக்கிக்கு, அதாவது சின்ன இரும்புக் குண்டு சுடும் காற்றுத் துப்பாக்கிக்கு, தயாராகிவிட்டதா என்ற கேள்விக்கு மனித குலம் இதுவரை விடை கண்டதில்லை. நான் கண்டுவிட்டேன். இதை அடக்கமாகச் சொல்ல இரண்டு முறை முயன்றேன், வரவில்லை. விடை இதுதான்: குழந்தை எப்போதோ தயார். தயாராகாதவர்கள் பெரியவர்கள். அவர்கள் “அப்புறம் பாக்கலாம்” என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, தங்கள் பயத்துக்குப் பொறுப்பு என்று பெயர் சூட்டிக்கொள்கிறார்கள்.

இந்த உண்மையைக் கல்லூரி நையாண்டிப் பத்திரிகைக்கு நாலு வரித் துணுக்காக எழுதத்தான் உட்கார்ந்தேன். கோதுமை அறுவடைக்கு ஒத்தாசை செய்ய அக்கா வீட்டுக்குப் போனதில் துணுக்கு வீங்கிக் கதையாகிவிட்டது. எழுத்து வகுப்புக்கும் ஒரு கதை தர வேண்டியிருந்தது. இதன் பிறப்பு ரகசியம் அவ்வளவுதான். உள்ளிருந்து எந்தக் குரலும் என்னை அழைக்கவில்லை.

கதையில் வரும் ஓட்டோ நான்தான், ஒளிக்கப் போவதில்லை. ‘நான்’ என்று எழுதினால் அக்கா படித்துவிட்டுப் பொய் என்பாள். ‘அவன்’ என்று எழுதினால் அதே சங்கதியை நல்லா இருக்கு என்பாள். ஆகவே அவன்.

2

தொடக்கம் (அ): நெப்ராஸ்காவின் பொன்னிற வயல்களுக்கு மேலே சூரியன் தன்—

வேண்டாம். அறுவடை நேரத்தில் எங்கள் ஊரில் சூரியனை ரசிக்கிறவன் சோம்பேறி.

தொடக்கம் (ஆ): துப்பாக்கி என்றதுமே முகம் சுளிக்கும் வாசகரே, உங்களிடம் ஒன்று கேட்க—

இதுவும் வேண்டாம். வாசகரோடு சண்டை போடப் பின்னால் நிறைய இடம் இருக்கிறது.

தொடக்கம் (இ): ஹேட்டி கட்டையைத் தரையில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாள்.

இது இருக்கட்டும்.

3

ஹேட்டி கட்டையைத் தரையில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாள். முனை சுவரைப் பார்த்திருந்தது. அவளுக்கு எட்டு வயது. ஓட்டோவின் அக்கா ஜோலீனின் ஒரே மகள். துப்பாக்கி வாங்கியாகிவிட்டது, பெட்டி பிரிக்கப்படாமல் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் துப்பாக்கி கேட்கும் பிள்ளை முதலில் ஒரு கோடை முழுக்கக் கட்டை சுமக்க வேண்டும். கட்டைதான் துப்பாக்கி. அதில் எப்போதும் குண்டு இருப்பதாகக் கணக்கு. முனை தரையைப் பார்க்க வேண்டும். வேலி தாண்டும்போது முதலில் கட்டை அடியில் போகும், பிறகுதான் பிள்ளை. மனிதர், மாடு, நாய் என்று எதன் பக்கம் முனை திரும்பினாலும் கோடை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.*

(* ஹேட்டியின் கோடை பலமுறை தொடங்கிவிட்டது. ஒருமுறை தேவாலயத்தில் அவள் பிரசங்கத்தின் நடுவே தூங்கிவிட, கட்டை போதகரைப் பார்த்துச் சாய்ந்தது. அவர் அன்று சீக்கிரம் முடித்தார் என்பதை அக்கா கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.)

அன்றைக்குக் காரமான பீன்ஸ் குழம்பும், தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரோலும். ஓட்டோ ரோலைக் குழம்பில் முக்கிக்கொண்டே ஆரம்பித்தான்.

“ஏங்க்கா, இந்த விறகுக்கு லைசென்ஸ் எங்க எடுத்த?”

“விறகு இல்ல, மண்வெட்டிக் காம்பு,” என்றாள் ஹேட்டி.

“சிரிடா, நல்லா சிரி,” என்றாள் ஜோலீன். “ஒனக்கும் இதே காம்புதான் குடுத்தாங்க. நீ அத வச்சு கிடார் வாசிச்ச.”

ஹேட்டியின் அப்பா டர்க் தட்டிலிருந்து தலை தூக்கினார். “எனக்கெல்லாம் ஆறு வயசுலயே கையில குடுத்துட்டாங்க மாப்ள. நான் என்ன கெட்டாப் போயிட்டேன்?”

ஜோலீன் கணவரை மேலும் கீழும் பார்த்தாள். “அதத்தான் நானும் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

“அவ ரெடியான்னு சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும்,” என்றான் ஓட்டோ. “ஒனக்குத் தைரியம் இல்லக்கா. பாக்கலாம் பாக்கலாம்னே இழுத்து, அவளுக்குக் கல்யாணத்தன்னிக்குத்தான் அந்தப் பெட்டியப் பிரிப்ப.”

ஜோலீன் கரண்டியைக் கீழே வைத்தாள். “சரி. நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் வடக்கு வயல்ல இருப்போம். பெட்டிய நீயே எறக்கிக்க. சாயங்காலம் இதே மேசையில நீ என்ன சொல்றியோ அதான் முடிவு. இந்தக் கோடைக்கு நான் ஒரு வார்த்த மறுத்துப் பேச மாட்டேன்.”

ஹேட்டி மெல்லுவதை நிறுத்தினாள். “சத்தியமாம்மா?”

“சத்தியமா.”

அதன்பிறகு ஹேட்டி தன் மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது முழுக்க இப்போது அந்த வாய்க்குள் இருந்தது. மாமா அதில் ரோலைப் போட்டு மென்றான்.

4

இந்த இடத்தில் எனக்கு ஹேட்டி மேல் சந்தேகம் வந்தது. ரொம்ப நல்ல பிள்ளையாக வந்துகொண்டிருந்தாள். வகுப்பில் ஆசிரியர், “அந்தக் குழந்தை கடைசியில் துப்பாக்கியே வேண்டாம் என்று சொன்னால் எப்படி இருக்கும்?” என்று கேட்டார். சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். அடிபட்ட குருவி ஒன்றைக் கையில் ஏந்தியபடி அவள் வானத்தைப் பார்க்கலாம் என்று ஒருத்தி சொன்னாள்.

எழுத மாட்டேன். ஹேட்டிக்குத் துப்பாக்கி வேண்டும். அவளுக்கு அதைத் தவிர வேறெதுவும் வேண்டாம். அவளை ஞானியாக்கி நான் மதிப்பெண் வாங்கப் போவதில்லை. குருவியும் வராது. குருவியை எதிர்பார்த்து இதுவரை வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

5

மறுநாள் காலை ஓட்டோ பெட்டியைப் பிரித்தான். துப்பாக்கியின் குழல் இளவெயிலில் ஒரு— (அது துப்பாக்கி மாதிரி இருந்தது, விடுங்கள்.) இரண்டு தக்காளி டின்களை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார்கள். தானியக் குதிருக்கு முன்னால் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் டின்களை அடுக்கினான். குதிர் வீட்டைவிட உயரம், முழுக்க எஃகுத் தகடு. எங்கள் பக்கத்தில் வளர்ந்தவனுக்குத் தானியக் குதிர் பற்றி ஒரே கவலைதான்: அதில் ஓட்டை விழக் கூடாது. ஓட்டை விழுந்தால் மழை இறங்கும், கோதுமை முளைக்கும், பரம்பரைக்கும் பேச்சு கேட்க வேண்டும்.

ஹேட்டி பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கட்டையை வைக்கோல் கட்டுக்குப் பக்கத்தில் கிடத்தினாள்.

“மாமா, பின்னாடி குதிர் இருக்கு.”

“இருக்கட்டுமே. இந்தக் குண்டு அதத் தொளைக்காது.”

“தொளைக்காது. அதான் சொல்றேன்.”

“என்ன அதான்?”

“வைக்கோல் கட்டு மேல வைக்கலாம். அம்மா அங்கதான் வைக்கணும்னு சொல்லிருக்காங்க.”

“ஒங்கம்மா சாப்பாட்டு மேசையிலயே ஹெல்மெட் போடச் சொல்லுவா. தள்ளி நில்லு. மொத ஷாட் மாமா காட்டுறேன்.”

“கண்ணாடி?”

“எனக்கெதுக்கு?”

ஹேட்டி தள்ளி நின்றாள். அவன் சொன்னதைவிட ரொம்பத் தள்ளி, வைக்கோல் கட்டுக்குப் பின்னால் போய் நின்றாள்.

ஓட்டோ துப்பாக்கியின் நெம்புகோலை இழுத்து நெம்பினான், குறி பார்த்தான், சுட்டான். டின் அசையவில்லை. குதிர் ‘டிங்’ என்றது. அந்தச் சத்தம் முடிவதற்குள் குண்டு வந்த வழியே திரும்பி அவன் கன்னத்தில், கண்ணுக்கு இரண்டு விரல் கீழே, சுளீரென்று அறைந்தது.

கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏமாற்றமா?

6

மாற்று முடிவுகள், கேட்பவர்களுக்காக:

(அ) கண்ணுக்கு ஆகிவிடுகிறது. துப்பாக்கியை ஓடையில் எறிகிறார்கள். ஓடை எதுவும் சொல்லாமல் ஓடுகிறது. (எங்கள் ஓடையில் ஜூன் மாதத்துக்கப்புறம் தண்ணீரே கிடையாது.)

(ஆ) ஓட்டோ மண்டியிட்டு, “இன்னிக்கு நீதான் எனக்குக் கத்துக்குடுத்த” என்று சொல்— இதை எழுதிய விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

(இ) நடந்தது. இதில் யாருக்கும் பெருமை இல்லை. இதைத்தான் எழுதப் போகிறேன்.

7

“வலிக்குதா?” என்றாள் ஹேட்டி.

“இல்ல.”

“கண்ணுல தண்ணி வருதே.”

“தூசி.”

அவள் கிட்டே வந்து பார்த்தாள். கன்னத்தில் வட்டமாக, பட்டன் வைத்துத் தைத்தது போல ஒரு சிவப்பு.

“அம்மா கேட்டா?” என்றாள்.

அக்கா என்ன சொல்லுவாள் என்பதைவிட அவள் எப்படிச் சிரிப்பாள் என்பதுதான் ஓட்டோவின் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

“குளவி கொட்டிருச்சுன்னு சொல்லிரலாம்,” என்றாள் ஹேட்டி. “நீ நான் ரெடின்னு சொல்லு. நான் குளவின்னு சொல்றேன்.”

ஓட்டோ “ம்” என்றான். சாட்சிக்கு நான் இருந்தேன். நிம்மதியாகத்தான் சொன்னான்.

அதற்கப்புறம் டின்களை வைக்கோல் கட்டின் மேல் வைத்தார்கள். அவனும் ஒரு கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டான். அவள் தானே நெம்பினாள். பின்னால் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார்த்தாள். சுடாத நேரத்தில் விரலை விசைக்கு வெளியிலேயே வைத்திருந்தாள். டின்கள் விழுந்துகொண்டே இருந்தன. குறை சொல்ல ஒன்றாவது கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை.

சாயங்காலம் ஜோலீனும் டர்க்கும் உடம்பெல்லாம் பதரோடு வந்து உட்கார்ந்தார்கள்.

“மொகத்துல என்னடா அது?” என்றாள் ஜோலீன்.

ஓட்டோ வாயைத் திறக்கும் முன்பே பதில் வந்தது. “குளவி. குதிர்கிட்ட கூடு கட்டிருக்கும்மா. மஞ்சக் குளவி. நான்தான் துண்ட வீசித் தொரத்தினேன். மாமா பயந்துட்டாங்க.”

இமை கூட அசையவில்லை. துண்டு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. நான் எழுதவில்லை, அவளே சேர்த்துக்கொண்டாள்.

டர்க் மேசைக்கு மேலே குனிந்து உற்றுப் பார்த்தார். “இந்தக் குளவி எனக்கும் கொட்டிருக்கு மாப்ள. ஆறு வயசுல. இதே குதிர், இதே சைஸு.”

ஜோலீன் சிரிக்கவில்லை. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. ரோல் தட்டைத் தம்பி பக்கம் நகர்த்தினாள்.

“சரி. சொல்லு. அவ ரெடியா?”

ஹேட்டி நேராக உட்கார்ந்தாள். கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

“குளவி இல்லக்கா,” என்றான் ஓட்டோ. “நான் குதிருக்கு முன்னாடி டின்ன வச்சேன். அவ வேணாம்னு சொன்னா. நான் கேக்கல.”

“தெரியும். அவ ரெடியான்னு கேட்டேன்.”

“நான் வேணாம்னு சொன்னேன்!” ஹேட்டியின் குரல் கிளம்பிவிட்டது. “பின்னாடி என்ன இருக்குன்னு நான்தான் பாத்தேன். கண்ணாடி நான்தான் போட்டேன். அடி வாங்குனது மாமா. அப்ப எனக்கு எதுக்குக் குடுக்கக் கூடாது?”

“குடுக்கக் கூடாதுன்னு யாருடி சொன்னா? அவன் இன்னும் முடிவே சொல்லல.”

8

இங்கே நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தபோதும் மூன்று பேரும் அப்படியே ஓட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் குதிர் இருப்பதைக் கவனித்ததும் அவள்தான். கண் இமைக்காமல் துண்டு வரைக்கும் பொய் சொன்னதும் அவள்தான். இரண்டுக்கும் நடுவில் கோடு கிழித்து நல்ல ஹேட்டி, கெட்ட ஹேட்டி என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. சரி என்று சொன்னால் அது தகுதிக்குக் கிடைத்ததா, குளவிக்குக் கிடைத்த கூலியா என்று அவளுக்கே தெரியாமல் போகும். இல்லை என்று சொன்னால் அவன் செய்த தப்புக்கு அவள் தண்டனை அனுபவிப்பாள். இது அநியாயம் என்று ஹேட்டி சொன்னாள். அவள் சொன்னது சரி. இருந்தாலும் மாற்றி எழுத மாட்டேன், வகுப்பில் எத்தனை பேர் பெருமூச்சு விட்டாலும் சரி.

உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்களே அந்த மேசையில் உட்காருங்கள். ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. எட்டு வயதின் முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து, ஒரே சொல்லில் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

9

ஓட்டோ எழுந்தான்.

“ஒரு நிமிஷம் போதும்னு சொன்னல்ல,” என்றாள் ஹேட்டி.

அவன் துப்பாக்கிப் பெட்டியை எடுத்தான். குண்டு டப்பாவைத் தனியாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஜோலீன் கொடுத்த சத்தியப்படி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவன் ஃப்ரிட்ஜ் பக்கம் போய், எம்பி, பெட்டியை மேலே வைத்தான். பிறகு விரல் நுனியால் உள்ளே தள்ளினான், சுவரில் இடிக்கும்வரை.